பூட்டான் கேட்டும் நம்ம ரத்தமும்

பூட்டான் போய்ட்டு வந்த நம்மூர் ஆளுங்க யாரை வேணா கேட்டுப் பாருங்க. பாரோ, திம்பு, மலை மேல தொத்திக்கிட்டு நிக்கிற அந்தப் புத்த மடம் எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, கடைசியில ஒரு டயலாக் கட்டாயம் வரும். "சார், அந்த கேட்டைத் தாண்டினா வேற உலகம் சார். இந்தப் பக்கம் ஒரே குப்பை, ஹாரன், எச்சில். அந்தப் பக்கம் பளிச்சுனு இருக்கு. பத்தடி தான் வித்தியாசம். நம்ம ஜனங்க திருந்தவே மாட்டாங்க. ரத்தத்துலயே இல்ல."

இதைச் சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல. எங்க தெருவுல ரெண்டு பேர் சொல்லியாச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லியாச்சு. குரோம்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டுல தினமும் பாக்கிற ரிட்டயர்டு பேங்க் சார் ஒருத்தர், சிங்கப்பூரையும் சேர்த்துக்கிட்டு ரெண்டு தடவை சொல்லியாச்சு. எல்லாருக்கும் நல்ல மனசு தான். ஆனா சொல்றது பச்சைப் பொய். பொய்யை விட மோசம், அது ஒரு சௌகரியம். "ரத்தத்துல இல்ல"ன்னு சொல்லிட்டா அப்புறம் யாரையும் எதையும் கேக்க வேண்டியதில்ல பாருங்க. கவுன்சிலரைக் கேக்க வேண்டாம், கலெக்டரைக் கேக்க வேண்டாம், டெல்லியைக் கேக்க வேண்டாம். உச்சு கொட்டிட்டு அடுத்த டூர் பேக்கேஜ் பாக்கலாம்.

போன குளிர்காலத்துல நான் கிளம்பிப் போனது அந்த "இந்தப் பக்கம்" இருக்கே, அதைப் பாக்கத்தான். ஊர் பேரு ஜெய்காவ். எல்லாரும் ஒரு ராத்திரி மூக்கைப் பொத்திக்கிட்டுத் தங்கி, விடிஞ்சதும் ஓடுற ஊர். நான் மூணு நாள் இருந்தேன். "அங்க மூணு நாள் பாக்க என்னங்க இருக்கு?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. பாக்க ஒரு கேட் இருக்கு. அதைப் பத்தித்தான் இப்போ சண்டை போடப் போறேன்.

முதல்ல ஊர் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். மேற்கு வங்கத்தோட வடக்குக் கோடி, அலிப்பூர்துவார் மாவட்டம் (2014ல ஜல்பாய்குரியிலேர்ந்து பிரிச்சது). ஹாசிமாரா ஸ்டேஷன்ல இறங்கி வண்டி புடிச்சா 20 கிலோமீட்டருக்குள்ள தான். ரெண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம். நம்ம நீலகிரி மாதிரி சரிவுல இல்ல, சமதரையில, மேஜை விரிப்பு விரிச்ச மாதிரி. திடீர்னு எதிர்ல சுவர் மாதிரி மலை எழும்புது. அந்த மலை எழும்புற இடத்துல ரோடு முட்டுது பாருங்க, அது தான் ஜெய்காவ். டிராகன் எல்லாம் செதுக்கி வண்ணம் அடிச்ச கேட். அந்தப் பக்கம் பூட்டானோட புன்ட்ஷோலிங். கடிகாரத்தை அரை மணி முன்னாடி தள்ளி வெச்சுக்கணும்.

இந்தச் சமவெளிக்கே "துவார்ஸ்"னு தான் பேரு. நம்ம கோயில் சன்னதி வாசல்ல கதை ஊன்றி நிக்கிற துவாரபாலகர்ல வர்ற அதே துவாரம். பூட்டான் மலைக்கு ஏற 18 வாசல் இருந்துச்சாம். அந்த வாசல்கள் எல்லாம் ஒரு காலத்துல பூட்டான்காரங்க கையில தான் இருந்துச்சு. 1864ல வெள்ளைக்காரன் சண்டைக்குப் போனான், 1865ல சிஞ்சுலா ஒப்பந்தம் போட்டு எல்லா வாசலையும் எடுத்துக்கிட்டான். பதிலுக்கு வருஷம் 50,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கிறதா பேச்சு. எதுக்கு எடுத்தான்? தேயிலை போட. தேயிலை பறிக்க சோட்டா நாக்பூர்லேர்ந்து ஆதிவாசிகளைக் கூட்டம் கூட்டமா கொண்டுவந்து இறக்கினான். ஆக, மலை ஒருத்தருக்கு, அடிவாரம் இன்னொருத்தருக்குன்னு கோடு போட்டதே 160 வருஷம் முன்னாடி ஒரு கணக்கப்புள்ளை வேலை. இதுல ரத்தம் எங்கேர்ந்து வந்துச்சு?

*

சரி, மேட்டருக்கு வருவோம்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சுல காலைல உக்காந்துக்கிட்டேன். டாக்ஸி டிரைவர்கள் வர்றாங்க. ஜெய்காவ் மெயின் ரோட்டுல ஹாரன் மேலேர்ந்து கையை எடுக்காத ஆளு, கேட்டைத் தாண்டினதும் பொட்டிப்பாம்பா அடங்கிடறார். அங்க ஜீப்ரா கிராசிங்ல ஒரு பாட்டி காலை வெச்சா வண்டி நிக்குது. சாயங்காலம் அதே ஆளு திரும்பி வர்றார், கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் பாம்பு படம் எடுக்குது. அந்தப் பக்கத்துலேர்ந்து சாமான் வாங்க வர்ற பூட்டான் நம்பர் வண்டியும் இந்தப் பக்கம் வந்ததும் நல்லாவே ஹாரன் அடிக்குது.

ஒரே மனுஷன். ஒரே நாள். ஒரே ரத்தம். பத்தடில மாறுது. அப்போ மாறினது ரத்தமா, ரோடா?

நம்ம ஆளுங்க சொல்ற அதே "பத்தடி தான் வித்தியாசம்" இருக்கே, அதுவே அவங்க வாதத்தை உடைக்குது. பத்தடில ரத்தம் மாறாது சாமி. பத்தடில மாறுறது சட்டம், அதைக் கேக்கிற ஆளு, காலைல கூட்டுற ஆளு, அவருக்குச் சம்பளம் போடுற ஆபீஸ்.

எச்சில் பத்தியும் சொல்லிடறேன். பூட்டான்காரங்க வெத்தலை பாக்கை நம்மளை விட அதிகம் போடுவாங்க. "டோமா"ன்னு பேரு. விருந்தாளி வந்தா முதல்ல நீட்டுறதே அது தான். புன்ட்ஷோலிங்ல சுவர் மூலை, மாடிப்படித் திருப்பம் எல்லாம் உத்துப் பாருங்க, நம்ம பஸ் ஸ்டாண்டு செவப்பு அங்கயும் இருக்கு. பாக்கும் வெத்தலையும் இந்தப் பக்கத்துலேர்ந்தும் ஏறுது. ஆக அங்கேயும் துப்புறாங்க. துப்பினதைக் கழுவ ஆள் இருக்கு, அவ்வளவு தான் விஷயம்.

*

இப்போ நிர்வாகம். இது கொஞ்சம் போரடிக்கும், ஆனா மொத்த ரகசியமும் இதுல தான் இருக்கு. பொறுத்துக்கோங்க.

பூட்டான்ல "த்ரொம்தே"ன்னு சொல்ற மாநகராட்சிகள் மொத்தம் நாலு. திம்பு, புன்ட்ஷோலிங், கெலெபு, சம்துருப் ஜோங்கர். 2011ல தேர்தல் வெச்சு மேயர் (அவங்க பாஷைல "த்ரொம்பொன்") தேர்ந்தெடுத்தாங்க. அதாவது நாட்டோட முக்கியமான நாலு ஊர்கள்ல ஒண்ணு புன்ட்ஷோலிங். நாட்டோட முன்வாசலே அது தான். திம்புவுக்குப் போற முதல் மோட்டார் ரோடு இங்கேர்ந்து தான் கிளம்புச்சு, நம்ம எல்லைச் சாலைகள் அமைப்போட தந்தக் திட்டம் போட்டது, 1960களோட ஆரம்பத்துல. வாசல்ல கோலம் போடாம இருப்பாங்களா?

ஜெய்காவ்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல அது ஒரு "சென்சஸ் டவுன்". அப்படின்னா என்னன்னா, ஜனத்தொகை 5,000க்கு மேல, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்கு மேல, ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை. கணக்கெடுக்கிறவங்க பார்த்துட்டு "இது டவுன்"னு எழுதிட்டாங்க. ஆனா மாநில அரசு அதுக்கு டவுன் நிர்வாகம் கொடுக்கல. சர்வதேச எல்லை, லாரி வரிசை, நூத்துக்கணக்கான கடை, லாட்ஜு, இத்தனைக்கும் நடுவுல கிராம பஞ்சாயத்து. மேல ஒரு டெவலப்மென்ட் அத்தாரிட்டி. முனிசிபாலிட்டி ஆக்குங்கன்னு அந்த ஊர்க்காரங்க பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க.

இது ஜெய்காவ் கதை மட்டும் இல்ல. இந்தியா பூரா 2001ல 1,362 சென்சஸ் டவுன் இருந்துச்சு. 2011ல அது ஏறக்குறைய 3,900. நாட்டுலயே அதிகம் மேற்கு வங்கத்துல, 780. சட்டத்துல கிராமம், நிஜத்துல நகரம். கிணறு வெட்டவும் களத்துமேடு கட்டவும் உண்டான அமைப்பை வெச்சுக்கிட்டு பாதாளச் சாக்கடை போடுன்னா எவன் போடுவான்? அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுல காந்தியே இருந்தாலும் முடியாது.

"அது வங்காளம், நம்மூர் அப்படியா?"ன்னு கேப்பீங்க. நம்ம பக்கமே வாங்க. 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சி பொறந்துச்சு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு அஞ்சு நகராட்சி, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கங்கரணை, திருநீர்மலைன்னு அஞ்சு பேரூராட்சி. நம்ம குரோம்பேட்டை பல்லாவரத்துக்குள்ள இருந்ததால உள்ள வந்துட்டோம். அன்னிக்கு முடிச்சூரும் மேடவாக்கமும் வேங்கைவாசலும் ஊராட்சியாவே வெளியில நின்னுச்சு. மேடவாக்கம் போயிருக்கீங்களா? பத்து மாடிக் கட்டடம், மேம்பாலம், நகைக்கடை வரிசை. சட்டப்படி கிராமம். அங்க மழை பெஞ்சா தண்ணி நிக்குதுன்னா அதுவும் ரத்தமா?

இன்னொரு கணக்கு சொல்றேன், தலை சுத்தும். பூட்டான் மொத்த நாட்டோட ஜனத்தொகை 2017 கணக்கெடுப்புப்படி 7 லட்சத்து 27 ஆயிரம். தாம்பரம் மாநகராட்சியா சேர்ந்த அந்தப் பத்து ஊரோட 2011 ஜனத்தொகையைக் கூட்டுங்க, அதுவும் 7 லட்சத்தைத் தாண்டும். ஒரு ராஜ்ஜியமும் நம்ம மாநகராட்சியும் சமம் :-) அவங்களுக்கு இடம் 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. நமக்கு 90 கூட இல்ல. அவங்களுக்கு ராஜா, பார்லிமெண்ட், அஞ்சாண்டுத் திட்டம். நமக்கு 70 வார்டு. ஒப்பிடுறதா இருந்தா இதையெல்லாம் ஒப்பிடுங்க. அப்புறம் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம்.

*

இது வரைக்கும் சொன்னது பாதி தான். மீதிப் பாதி கொஞ்சம் கசக்கும்.

புன்ட்ஷோலிங் சுத்தமா இருக்குன்னா, அதுக்கு ஒரு காரணம் ஜெய்காவ். வீட்டு ஹால் பளிச்சுனு இருக்கணும்னா சாமான் எல்லாம் எங்கயாவது போகணும் இல்ல? புழக்கடைக்குப் போகும். ஜெய்காவ் பூட்டானோட புழக்கடை.

புன்ட்ஷோலிங்ல கட்டடம் கட்டுற கொத்தனார், சித்தாள், மூட்டை தூக்குறவர், ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கிறவர்னு ஆயிரக்கணக்கான பேர் ஜெய்காவ்லேர்ந்து காலைல போய் சாயங்காலம் திரும்பினவங்க. அவங்க உழைப்பு அங்க. அவங்க குடிசை, அவங்க கக்கூஸ், அவங்க குப்பை, அவங்க புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் இங்க. ஒரு ஊரோட தொழிலாளர் குடியிருப்பை மொத்தமா வெட்டி எடுத்து அடுத்த நாட்டுல வெச்சுட்டா எந்த ஊரும் அழகாத்தான் இருக்கும்.

தொழிலாளி மட்டும் இல்ல. புன்ட்ஷோலிங்ல வாடகை கட்டுப்படி ஆகாத பூட்டான் குடும்பங்களே ஜெய்காவ்ல வீடெடுத்து இருந்தாங்க. இது எப்போ வெளிச்சத்துக்கு வந்துச்சுன்னா, 2020 மார்ச் 23ம் தேதி கொரோனாவுக்காக ராஜா எல்லையை மூடினப்போ. ஆயிரக்கணக்கான பூட்டான்காரங்க ஜெய்காவ்லேர்ந்து பெட்டி படுக்கையோட கேட்டைத் தாண்டி உள்ள போனாங்க. அவங்களுக்குத் தற்காலிக வீடு தேட அரசாங்கம் அல்லாடுச்சு. அது வரைக்கும் அந்தச் சுமையைச் சத்தமில்லாம தாங்கினது நம்ம நாத்தம் புடிச்ச ஜெய்காவ்.

அப்புறம் புகையிலை. 2004ல உலகத்துலயே முதல் நாடா புகையிலை விக்கத் தடை போட்டாங்கன்னு நாம எல்லாம் கை தட்டினோம். கைதட்டல் சத்தத்துல ஒண்ணு கேக்கல. தடை இருந்தாலும் குடிக்கிறவன் குடிச்சுக்கிட்டு தான் இருந்தான், சரக்கு எல்லையைத் தாண்டி போய்க்கிட்டு தான் இருந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல என்ன ஆச்சு? எல்லையை மூடியும் கடத்தல் நிக்கல, கடத்தலோட கொரோனாவும் உள்ள வரும்னு பயந்து, அரசாங்கமே புகையிலை விக்க ஏற்பாடு பண்ணுச்சு. 2021ல சட்டத்தையே திருத்திட்டாங்க. பதினாறு வருஷ புண்ணியத்துக்குப் பின்னால நின்னது அடுத்தவன் கடை.

அந்த எல்லை 2022 செப்டம்பர் 23 வரைக்கும் திறக்கல. இரண்டரை வருஷம். ஜெய்காவ்க்கு வேற தொழில் கிடையாது. கேட் தான் வயல், கேட் தான் மழை. திறந்த பிறகும் பழைய கூட்டம் வரல. முன்னாடி அந்தப் பக்கத்து ஜனங்க நெனச்சப்போ நடந்து வந்து மளிகை, செருப்பு, துணி வாங்கிட்டுப் போவாங்க. இப்போ சுவர், வேலி, நடந்து போறவங்களுக்குத் தனி வழி, சோதனை. ஒரு துணிக்கடைக்காரர் என்கிட்ட இந்தியில சொன்னது: "நாலு பேர் வேலை பார்த்த கடை சார், இப்போ நானும் என் தம்பியும் தான்." அவர் ரோட்டைக் கூட்டல, ஒத்துக்கறேன். கல்லாவைக் கூட்டவே அவருக்கு ஒண்ணும் மிஞ்சல.

ஒரு நாட்டுக்கு நோய் வந்தா கதவைச் சாத்துற உரிமை உண்டு, அதைத் தப்பு சொல்லல. ஆனா சாத்தினப்போ வெளியில நின்னவன் யாரு, அவனுக்கு யார் என்ன கொடுத்தாங்கன்னு கேக்காம, திறந்ததும் போய் அந்தப் பக்கத்துப் பூந்தொட்டியோட போட்டோ எடுத்துட்டு வர்றோமே, அது தான் உறுத்துது.

*

கேட் வெளியில தள்ளினது குப்பையையும் குடிசையையும் மட்டும் இல்ல. மனுஷங்களையும் தள்ளியிருக்கு.

"மொத்த தேசிய மகிழ்ச்சி"ன்னு பூட்டானைப் புகழ்ந்து எழுதாத நம்மூர்ப் பத்திரிகை கிடையாது. அந்த மகிழ்ச்சிக் கணக்குல வராத ஒரு லட்சம் பேர் இருக்காங்க. தெற்குப் பூட்டான்ல தலைமுறை தலைமுறையா இருந்த நேபாளி பேசுற ஜனங்க. லோட்ஷாம்பான்னு சொல்வாங்க. 1985ல குடியுரிமைச் சட்டம் வந்துச்சு, 1958ல இங்க இருந்ததுக்கு அத்தாட்சி காட்டுன்னாங்க. 1988ல கணக்கெடுப்பு. எல்லாரும் ஒரே உடை, ஒரே பழக்கம்னு உத்தரவு. 1990ல போராட்டம், அதுக்கப்புறம் கைது, அடக்குமுறை, வெளியேற்றம். பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் பொது எல்லையே கிடையாது. அதனால நம்ம மண்ணு வழியாத்தான் லாரிகள்ல போய் கிழக்கு நேபாளத்து முகாம்கள்ல விழுந்தாங்க. பதினஞ்சு இருபது வருஷம் மூங்கில் குடிசை. 2007லேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேல பேரை அமெரிக்கா மாதிரி நாடுகள் எடுத்துக்கிட்டுச்சு. ஒருத்தரையும் பூட்டான் திரும்ப எடுக்கல.

2025ல கதை இன்னும் கொடூரமாச்சு. அமெரிக்கா அவங்கள்ல சிலரை "நாட்டுக்குப் போ"ன்னு பூட்டானுக்கே விமானம் ஏத்துச்சு. பூட்டான் அவங்களை வெச்சுக்கல, இந்திய எல்லைக்குக் கொண்டுவந்து விட்டுருச்சு. அங்கேர்ந்து நேபாளம் போனவங்கள்ல சிலர் கைதானாங்க. சொந்த நாடுன்னு எதுவுமே இல்லாம மூணு நாட்டுக்கு நடுவுல பந்து மாதிரி.

இதைக் கேட்டா ஒரு தமிழனுக்கு வேற ஒண்ணு ஞாபகம் வரணும். 1948ல இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம். தேயிலை மலையில ரத்தம் சிந்தின லட்சக்கணக்கான நம்ம ஆளுங்க ஒரே நாள்ல நாடில்லாதவங்க ஆனாங்க. 1964ல சிறிமாவும் சாஸ்திரியும் உக்காந்து ஆடு மாடு பங்கு போடுற மாதிரி இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்குன்னு ஒப்பந்தம் போட்டாங்க. அந்த வலி தெரிஞ்ச சமூகம் நாம. நாம போய் "அந்தப் பக்கம் எவ்வளவு நீட்டா வெச்சிருக்காங்க பாரு"ன்னு மட்டும் பார்த்துட்டு வரலாமா? நீட்டா வெச்சதுக்கு யாரைக் கூட்டித் தள்ளினாங்கன்னு கேக்க வேண்டாமா?

*

"அப்போ பூட்டான் மோசமான நாடா?"ன்னு கேட்டு சண்டைக்கு வராதீங்க. இல்லவே இல்ல. 1999லயே பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட நாடு. 60 சதவீதம் காடு இருக்கணும்னு 2008 அரசியலமைப்புச் சட்டத்துலயே எழுதி வெச்ச நாடு. பெரிய ரெண்டு நாட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட சின்ன நாடு தன்னைக் காப்பாத்திக்க கேட் போடுது. புரியுது. என் கோபம் அவங்க மேல இல்ல. நம்ம பக்கத்து ஊரை அனாதையா விட்டுட்டு அந்த ஊர் ஜனங்களையே திட்டுறோமே, அது மேல.

கணக்கைப் பாருங்க. பூட்டானோட 13வது அஞ்சாண்டுத் திட்டத்துக்கு (2024-29) இந்தியா ஒத்துக்கிட்ட உதவி 10,000 கோடி ரூபாய். நல்ல விஷயம், கொடுக்கட்டும். அவங்க மின்சாரம் நமக்கு வருது, நட்பும் வேணும். ஆனா அந்த 10,000 கோடியோட சரக்குல பெரும் பங்கு எந்த ரோடு வழியா ஏறுது? ஜெய்காவ் ரோடு. லாரிப் புகை யார் மூக்குல? பக்கத்துல பசாக்கா தொழிற்பேட்டை இருக்கு, ஃபெரோ சிலிக்கான் உருக்குற ஆலைகள். காத்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மலைல டோலமைட் வெட்டுறாங்க, மழை வந்தா அந்த மண்ணு எங்க இறங்குது? துவார்ஸ் தேயிலைத் தோட்டத்துல. 2025 அக்டோபர்ல வடக்கு வங்கம் வெள்ளத்துல மிதந்தப்போ, முதல்வர் மம்தா பானர்ஜி பூட்டான் தண்ணியைத் தான் கை காட்டினார், இந்தியா பூட்டான் நதி ஆணையம் வேணும்னு கேட்டார். அரசியல் இருக்கலாம். ஆனா தண்ணி மேலேர்ந்து கீழ தான் வரும்ங்கிறதுல அரசியல் இல்லயே.

எய்தவன் இருக்க அம்பை நோகறது நமக்கு வாடிக்கை. டெல்லிக்கு பூட்டான் வெளியுறவு, கொல்கத்தாவுக்கு ஜெய்காவ் ரொம்ப தூரம். நடுவுல இருக்கிற டீக்கடைக்காரன் கப்பைக் கீழ போட்டான்னு நாம அவனைப் புடிச்சுக்கறோம்.

*

இவ்வளவு தூரம் போனது எதுக்குன்னா, இந்த கேட் நம்மூர்லயும் இருக்கு. டிராகன் செதுக்கல, அவ்வளவு தான்.

நம்ம ஊருக்குப் பேரு எப்படி வந்துச்சு? குரோம் லெதர் கம்பெனியால. குரோமியம் போட்டு தோல் பதனிட்டதால குரோம்பேட்டை. பேரு ஊருக்கு வந்துச்சு, தோல் ஷூவாகி ஏற்றுமதிக்குப் போச்சு. தோல் பதனிட்ட தண்ணி? தண்டவாளத்துக்கு மேற்கால நாகல்கேணி நிலத்தடிக்குப் போச்சு. கிழக்குப் பக்கம் காலனில உக்காந்துக்கிட்டு "நாகல்கேணி பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டு தான் போகணும்"னு சொல்றவங்களை எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்துங்க, தப்பில்ல. அந்த ஜனங்க சுத்தமில்லன்னு மட்டும் சொல்லாதீங்க.

பல்லாவரம் பெரிய ஏரில வருஷக்கணக்கா குப்பை கொட்டி, நடுவுல ரேடியல் ரோடும் போட்டோம். சென்னையோட தென்பாதி வீட்டுக் குப்பையெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புல, பெருங்குடில மலையாச்சு. 2022ல அதே சதுப்பு நிலத்துக்கு ராம்சர் பட்டம் கிடைச்சப்போ பெருமைப்பட்டுக்கிட்டதும் நாம தான். அடையாறுலயும் பெசன்ட் நகர்லயும் ரோடு பளிச்சுனு இருக்குன்னா, அவங்க ரத்தம் பெருங்குடிக்காரன் ரத்தத்தை விட ஒசத்தியா? இல்ல, அவங்களோட "இந்தப் பக்கம்" பெருங்குடில இருக்கு. அதே கதை தான், அதே கேட் தான்.

இனிமே தான் முக்கியமான விஷயம். புதுசா கேட்டுகள் வரப் போகுது. 2025 செப்டம்பர்ல ரெண்டு ரயில் பாதை அறிவிச்சாங்க. அசாம்ல கோக்ராஜார்லேர்ந்து கெலெபுவுக்கு 69 கிலோமீட்டர், வங்கத்துல பனார்ஹாட்லேர்ந்து சாம்ட்சேவுக்கு 20 கிலோமீட்டர், மொத்தம் 4,033 கோடி ரூபாய். கெலெபுல 2023 டிசம்பர்ல ராஜா அறிவிச்ச புது நகரம் எழும்புது, "மனநிறைவு நகரம்" மாதிரி ஒரு பேரோட. தியானம், பசுமை, மூங்கில் பாலம்னு படமெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. அதைக் கட்டப் போற கொத்தனாரும் சித்தாளும் ராத்திரி எங்க படுப்பாங்க? படத்துல எங்கயும் காணோம். நான் சொல்றேன், கேட்டுக்கு இந்தப் பக்கம் படுப்பாங்க.

அதனால கேக்க வேண்டியது இது தான். எல்லையில ஒரு ஊர் வளருதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே அதுக்கு முனிசிபாலிட்டி கொடு. அந்த வழியா போற சரக்குல வர்ற வருமானத்துல அந்த ஊருக்குன்னு ஒரு பங்கு எழுதி வை. ரெண்டு ஊரும் ஒரே ஊர் மாதிரி தான் வாழுதுன்னா, குப்பைக்கும் தண்ணிக்கும் ரெண்டு பக்கமும் சேர்ந்து உக்காந்து ஒரு திட்டம் போடு. வெளிநாட்டுக்குப் பாலம் கட்டுற பட்ஜெட்ல, பாலத்தோட இந்தக் காலடியில இருக்கிறவனுக்கு ஒரு சாக்கடை, ஒரு பொதுக் கழிப்பறை, ஒரு பள்ளிக்கூடம். வானத்தை வில்லா வளைக்கச் சொல்லல.

கேக்கிறதுக்கு நமக்கு என்ன உரிமைன்னு நெனைக்காதீங்க. அங்க போய் போட்டோ எடுக்க உரிமை இருக்குன்னா, இதைக் கேக்கவும் உரிமை இருக்கு. அடுத்த சீசன்ல நீங்களும் போவீங்க. போங்க, நல்ல ஊர், மலை அழகு, மோமோ நல்லா இருக்கும். (ஆதார் அட்டை செல்லாது, வோட்டர் ஐடியோ பாஸ்போர்ட்டோ எடுத்துக்கோங்க. ராத்திரிக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு, 2020க்கு முன்னாடி நமக்கு அது கிடையாது.) ஜெய்காவ்ல ஒரு நாள் கூடத் தங்கி, அந்த ஊர்க் கடைல நாலு சாமான் வாங்குங்க. திரும்பி வந்து என்ன வேணா சொல்லுங்க.

"ரத்தத்துல இல்ல"ன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. அந்த 1,200 ரூபாயை நீங்க அந்தப் பக்கம் வாயைத் திறக்காம கட்டுறீங்க. இந்தப் பக்கம் பத்து ரூபாய் கேட்டா எதுக்குன்னு சட்டம் பேசுறீங்க.